நாலாவது பிளக்

கல் செவ்வாய்க்கிழமையே வந்து இறங்கிவிட்டது. நல்ல கருங்கல். மழமழவென்று இழைத்து, எழுத்துக்குச் சிவப்பு மை தீட்டி, தீயணைக்கும் நெருப்பு வண்டிக் கட்டடத்தின் வடக்குச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைச் சுவரில் பதித்து, மேலே பட்டுத் துணி போட்டு, சேர்மன் கையால் விலக்கச் சொல்வதாக ஏற்பாடு. ஊர் சனம் வந்து வந்து படித்துவிட்டுப் போனது. ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவன் பெயர்தான் கல்லின் கடைசி வரியில் இருந்தது: "இவ்வடக்கு வாசலுக்கு யோசனை கூறியவர் டிரைவர் மணியன்."

பதினேழு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன். தன் பெயரைக் கல்லில் பார்க்க எவனுக்குத்தான் கசக்கும்? மணியனுக்குக் கசந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் கதையைச் சொன்னால்தான் அவன் கதை விளங்கும். சேலத்தில் ஒரு நூல் வியாபாரி தன் சாரட்டையும் இரண்டு குதிரைகளையும் நிறுத்தக் கட்டிய கொட்டகை அது. கைக்குக் காசு வந்த காலத்தில் கட்டியது. சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், கதவுக்குமேல் ஒரு குதிரைத் தலை பொம்மை. வியாபாரி நொடித்துப் போனார். குதிரைகள் கைமாறின. வௌவால் குடியேறியது. 1926இல் முனிசிபாலிடியார் சீமையிலிருந்து மோட்டார் நெருப்பு வண்டி ஒன்று தருவித்தார்கள். வண்டி வாங்க யோசித்தவர்கள் அதை எங்கே நிறுத்துவதென்று யோசிக்கவில்லை. பதினோரு நாள் அது புளியமரத்தடியில் நின்றது. ஓட்டுகிற ஆசனத்தில் ஒரு கோழி முட்டையிட்டதாகக்கூடச் சொல்வார்கள். அப்புறம்தான் யாருக்கோ இந்தக் கொட்டகை ஞாபகம் வந்தது. குதிரைத் தலையை எடுத்துவிட்டு மணி ஒன்றைக் கட்டினார்கள். நெருப்பு ஆபீஸ் பிறந்தது.

கட்டடத்தில் ஒரே ஒரு குறை. அதன் வாய் தெற்கே நெசவுக்காரர் தெருவைப் பார்த்து இருந்தது. வேறு வழி கிடையாது. அந்தத் தெருவிலோ தினமும் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூங்கில் கவைக்கால்களை நட்டு, தறிக்குப் போகவேண்டிய நூலையெல்லாம் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூரிகையால் நீவிக்கொண்டே நடப்பார்கள். கஞ்சி ஈரமாக இருக்கும்போது பாவைச் சுருட்ட முடியாது. சுருட்டினால் இழையோடு இழை ஒட்டி மொத்தமும் பாழ். அதனால் பாவு காயும்வரை அந்தத் தெருவில் யாரும் குறுக்கே போகமாட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் நிற்கும். பாடை கூடத் தெருமுனையில் இறக்கி வைக்கப்பட்டுக் காத்திருக்கும். பாவைத் தாண்டுவதும் அறுப்பதும் பச்சைப் பிள்ளையை மிதிப்பதுபோல அவர்களுக்கு.

நெருப்பு வண்டி வந்தபோது தெருப் பெரியவர்களோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மணி அடித்ததும் பாவைச் சுருட்டி வழிவிட வேண்டியது. "ஈரமா இருந்தா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வம்பு என்று இரு தரப்புக்கும் தெரியும். ஐந்து வருஷம் அதிர்ஷ்டம் காப்பாற்றியது. தீ எல்லாம் உச்சி வெயிலிலும் அந்தியிலுமாகவே பிடித்துக்கொண்டு வந்தது.

மணியன் அதே தெருவில் பிறந்தவன். தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் மோட்டார் கற்றுக்கொண்டு போனவன். அந்த வண்டிக்கு டிரைவராக அவனைப் போட்டபோது தெருவே தன் பிள்ளை தாசில்தார் ஆனதுபோல மிதந்தது. அவனோடு பம்பு இயக்க வீரபாகு. அவனும் அதே தெரு. வண்டியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, என்ஜினின் நாலு பிளக்குகளையும் கழற்றிக் கரி நீக்கி மாட்டுகிற வேலைக்கு அப்புசாமி. அவன் ஒருவன்தான் வெளியாள். வெண்ணந்தூர்ப் பக்கத்துக் காட்டுக்காரன், குடியானவப் பிள்ளை, நாலு பேர் இருக்கிற இடத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிற சுபாவம்.

1931, மாசி மாதம். காலை ஏழரை மணி இருக்கும். பால்காரர் சந்தில் கூரை பற்றிக்கொண்டதென்று ஒருத்தர் சைக்கிளில் அலறிக்கொண்டு வந்தார். வீரபாகு மணியை அடித்தான். மணியன் முன்னால் போய்க் கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரே சுற்று. ஏறி உட்கார்ந்து வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். எதிரே பாவு.

வெறும் பாவா? அவன் தங்கை சாரதாமணியின் வீட்டுப் பாவு. கஞ்சி அப்போதுதான் ஏறியிருந்தது, சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மச்சான் கைலாசம், இந்தப் பக்கம் சாரதாமணி. கையில் தூரிகையோடு அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நிறுத்தென்று சொல்லவில்லை. கை காட்டவில்லை. சும்மா பார்த்தாள். தெருவும் பார்த்தது.

மணியன் என்ஜினை நிறுத்திவிட்டான்.

அதோடு விட்டானா? இறங்கிப் போய், நெருப்பு ஆபீஸ் காக்கிச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக, பாவின் கோடி மூங்கிலைப் பிடித்து இழுத்து நின்றான், சீக்கிரம் காயட்டும் என்று. வீரபாகு இன்னொரு கோடியைப் பிடித்தான். வடக்கே வீட்டுக் கூரைகளுக்குமேல் புகை எழும்பியது. அதையும் பார்த்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தான். பதினைந்து நிமிஷமோ இருபது நிமிஷமோ. காய்ந்ததும் மடமடவென்று சுருட்டினார்கள். வண்டி பறந்தது.

சந்தில் எட்டுக் கூரை உட்கார்ந்துவிட்டிருந்தது. ராமாத்தாள் என்கிற பால்காரி, தான் தப்பி வெளியே வந்தவள், கட்டுத்தறியில் கன்று கிடக்கிறதென்று கயிற்றை அறுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறாள். கன்று வெளியே ஓடி வந்தது. அவள் வரவில்லை. அவளைத் தூக்கி வெளியே கிடத்தியபோது வாழையிலையில் சுற்றினார்கள். மணியன் பார்த்தான். "இப்பத்தானுங்க, ஒரு கால் மணிக்கு முன்னால கூட உள்ளிருந்து சத்தம் கேட்டுச்சு" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கால் மணிக்கு முன்னால் தன் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

விசாரணை நடந்தது. வண்டி ஏன் தாமதம் என்று என்ஜினீயர் கேட்டார். பாவுக்காக நின்றேன் என்று சொன்னால் தன் வேலை போகும். அதைவிடப் பெரிதாக, தெருவில் பாவு நீட்டுவதையே தடுத்துவிடுவார்கள். இருநூறு குடும்பம் பிழைப்பை இழக்கும். இப்படியெல்லாம் அவன் பிற்பாடு தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டது உண்டு. அந்த நிமிஷத்தில் அவன் நினைத்தது வேலையை மட்டும்தான்.

"வண்டி கிளம்பலீங்க. பிளக்குல கரி" என்றான்.

வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றான். தீப்பிடித்த காலையில் அப்புசாமி ஊரிலேயே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பிளக்குகளைத் துடைத்து மாட்டிவிட்டு, நோம்பித் திருவிழாவுக்கென்று சொந்த ஊருக்குப் போனவன், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குடியானவனுக்கு வெள்ளைக்காரச் சட்டைபோட்ட ஆளைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "தொடச்சனுங்க... சரியாத் தொடச்சனா என்னமோங்க" என்றான். போதாதா? அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. போகும்போது மணியனிடம் வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனான். மணியனும் பதிலுக்குக் கும்பிட்டான்.

தெரு வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு அந்தப் பாவில் நெய்த வேட்டி ஒன்றைச் சாரதாமணி கொண்டுவந்து அண்ணனுக்குக் கொடுத்தாள். அவன் வாங்கினான். உடுத்தவும் செய்தான். வெட்கங்கெட்டவன் என்று அவனை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லிக்கொண்டான்; ஆனால் உடுத்திக்கொண்டுதான் சொன்னான்.

தினமும் வண்டியை அந்தத் தெற்கு வாசலில் கொண்டு நிறுத்த அவனால் முடியவில்லை. என்ஜினீயரிடம் போய், வடக்குச் சுவரை இடித்து ஒரு வாசல் வைத்தால் பெரிய ரோட்டுக்கே நேராகப் போகலாமுங்க என்றான். நல்ல யோசனை என்று இடித்தார்கள். யுத்தம் வந்ததும் குண்டு விழுமென்ற பயத்தில் கட்டடத்தை இன்னும் பெரிதாக்கி, இரண்டாவது வண்டியும் வாங்கி, காவல் கோபுரமும் எழுப்பினார்கள். எல்லாம் வடக்கு வாசலை வைத்துத்தான். இந்த 1943இல் திறப்பு விழா. கட்டடத்தின் சரித்திரத்தை எழுதி வாசிக்கும் பொறுப்பு முனிசிபல் குமாஸ்தா பாலசுந்தரத்துக்கு வந்தது. அவர் பழைய கட்டுகளைப் புரட்டி, வடக்கு வாசலுக்கு யோசனை சொன்னது ஒரு சாதாரண டிரைவர் என்று கண்டுபிடித்து, பூரித்துப்போய், கல்லிலேயே ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை மணியன் அவரிடம் போனான். "என் பேரு வேணாமுங்க. எடுத்துருங்க."

"இந்த அடக்கம் இருக்கே, இதுக்காகவே இன்னொரு கல்லு வெக்கலாம்!" என்று பாலசுந்தரம் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "செதுக்கின எழுத்தை எப்படிப்பா அழிக்கிறது? போ, வெள்ளிக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வா. ரெண்டு வார்த்தை நீயும் பேசணும்."

இரண்டு வார்த்தை! மணியன் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்புறம் அப்புசாமி கும்பிட்டது நினைவுக்கு வந்தது. ஊருக்குச் சொல்லுமுன் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. வீரபாகு செத்து நாலு வருஷமாகிறது. உண்மையை அறிந்து வண்டியில் இருந்தவன் இனி மணியன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை காலை ராசிபுரம் பஸ் பிடித்து, பாதி வழியில் இறங்கி, வெண்ணந்தூரைத் தாண்டிச் சோளக்காட்டு வரப்பில் நடந்து விசாரித்துப் போனான். அப்புசாமி கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்தான். மாடுகள் சரிவில் இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாக இருந்தன. நாற்பது வயதிருக்கும், தலை முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. மணியனை அடையாளம் கண்டதும் மாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"டிரைவரண்ணனுங்களா! வாங்க, வாங்க. என்ற ஊடு தேடி வந்தீங்களா?" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. "நானே வந்து உங்க காலுல உழுந்திருக்கோணும். தெகிரியம் இல்லீங்க. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

மணியனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றே அப்புசாமி?"

"அந்தப் பிளக்குதானுங்க." அப்புசாமி கிணற்று மேட்டில் உட்கார்ந்தான். "அன்னைக்குச் சாயங்காலம் ஊருக்குப் போற அவசரமுங்க. மொதப் பிளக்கு தொடச்சது நெனப்பிருக்குது. ரெண்டாவது கைநழுவி உழுந்துச்சு, எடுத்துத் தொடச்சேன். மூணாவதுல எண்ணெய் இருந்துச்சு, அதையும் தொடச்சேன். நாலாவதுதானுங்க... நாலாவதைத் தொடச்சனா இல்லையான்னு பன்னெண்டு வருசமா ரோசிக்கிறேன், நெனப்புல வரமாட்டேங்குது. சில நாளு தொடச்ச மாதிரி இருக்கும். சில நாளு தொடைக்காமயே மாட்டிப்போட்ட மாதிரி இருக்கும். கவலை ஓட்டறப்பகூட அதே ரோசனைதான். ஒரு பொம்பளை உசுரு போச்சுங்களே என்ற கையால."

மணியன் வந்தது ஒருவனுடைய வேலையைப் பறித்ததற்கு மன்னிப்புக் கேட்க. அந்த ஒரு வேலை போனதும் இவன் வேறு பிழைப்புத் தேடிக்கொண்டிருப்பான், தன்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்றுதான் பஸ் நெடுகிலும் நினைத்துக்கொண்டு வந்தான். இவன் தன்னைத்தானே கொலைகாரன் என்று நம்பிப் பன்னிரண்டு வருஷத்தில் தலை நரைத்திருப்பான் என்று நினைக்கவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அப்புசாமி, வண்டி கிளம்புச்சு."

"எப்பங்க?"

"ஒரே சுத்துல கிளம்புச்சு. பிளக்கெல்லாம் சுத்தமா இருந்துச்சு. எதுக்கால என் தங்கச்சி ஊட்டுப் பாவு. ஈரப் பாவு. அறுக்க மனசு வரலை. நிறுத்திப்போட்டு, எறங்கிப் போயி அந்தப் பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கேட்டப்போ பொய் சொல்லிப்போட்டேன். உன்மேல போட்டுட்டேன்."

அப்புசாமி அவனையே பார்த்தான். அடிப்பான் என்று மணியன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புசாமி கையை விரித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப நாலாவதையும் தொடச்சிருக்கறேன்" என்றான்.

பிறகு எழுந்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "பாவாயி! அடி பாவாயி! இங்க வா!" அவன் மனைவி மாவுக் கையோடு வந்தாள். "டிரைவரண்ணன் ஒண்ணு சொல்றாரு. நீயும் கேளு. இன்னொருக்கா சொல்லுங்கண்ணா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

மணியன் சொன்னான். கேட்கக் கேட்கப் பாவாயியின் முகம் இறுகியது. "ஏனுங்க," என்றாள், குரல் உயராமல். "ஊருல ஒரு கூரை பத்திக்கிட்டா எல்லாரும் தண்ணிக் கொடத்தோட ஓடுவாங்க. இவரை மட்டும் கிட்ட வரவேண்டாம்பாங்க. ராசியில்லாத கையின்னு. எங்க கண்ணாலத்துக்குப் பொறவு இவரு சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா அது?"

மணியனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நாளும் வரவில்லை.

"நாளைக்குக் கட்டடத்துல கூட்டமிருக்குது. அங்கயும் எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன்" என்றான்.

"அது உங்க ஊருங்க," என்றான் அப்புசாமி. கோபமாகச் சொல்லவில்லை. "அங்க என்னை யாருக்கும் நெனப்பே இருக்காது. இங்க சொல்லுங்க. என்ற ஊருல சொல்லுங்க."

அப்படியே மாட்டைக் கவலையில் விட்டுவிட்டு அவனை அழைத்துக்கொண்டு போனான். முதலில் பங்காளி சின்னுசாமி வீடு. அடுத்து ஊர்க்கவுண்டர் வாசல். அப்புறம் கோயில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாலு பேர். ஒவ்வோர் இடத்திலும் அப்புசாமி சொல்வது ஒன்றுதான்: "சேலத்திலிருந்து டிரைவரண்ணன் வந்திருக்கறாரு. ஒண்ணு சொல்லுவாரு, கேளுங்க." ஒவ்வோர் இடத்திலும் மணியன் முதலிலிருந்து சொன்னான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியது, தங்கை பார்த்தது, மூங்கிலைப் பிடித்தது, பொய் சொன்னது. ஒன்றைக்கூட விடவில்லை. விட்டால் அப்புசாமி மெல்ல ஞாபகப்படுத்தினான். மூன்றாவது இடத்தில் ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர்தான் அதிகம் சுட்டது.

மறுநாள் திறப்பு விழாவில் அவன் இதையே சொன்னதும், சேர்மன் முகம் போன போக்கும், பாலசுந்தரம் பதறிப்போய் பாண்டு வாத்தியக்காரர்களுக்குச் சைகை காட்டியதும், தெருக்காரர்கள் ஒரு வருஷம் அவனோடு பேச்சை நிறுத்தியதும், அவன் வேலையை விட்டதும் எல்லாம் நடந்தன. அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை கடைசியாக நின்ற இடத்தோடு ஒப்பிட்டால் அதெல்லாம் அவனுக்கு ஒன்றுமே இல்லை.

ஊரில் எல்லா வீடும் முடிந்தது. பொழுது உச்சி சாய்ந்திருந்தது. முடிந்ததென்று நினைத்து மணியன் நெற்றியைத் துடைத்தான். அப்புசாமி மட்டும் நிற்காமல் ஊருக்கு வெளியே வேலிக்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். மணியன் பின்னாலேயே போனான். ஆவாரஞ்செடிகளுக்கு நடுவில் ஒரு மண்மேடு. மழையில் பாதி கரைந்து, தலைமாட்டில் ஒரு கல் மட்டும் நட்டு இருந்தது.

"எங்காத்தாளுங்க. அங்காளம்மா," என்றான் அப்புசாமி. "போயி ரெண்டு வருசமாச்சு. சாகறப்ப என்ற கையில தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. பால்காரியைக் கொன்ன கையின்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டா."

அவன் குனிந்து மேட்டின் மேலிருந்த இரண்டு சருகைப் பொறுக்கி எறிந்தான். பிறகு மண்ணைப் பார்த்து, காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோலக் கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

"ஆத்தா, சேலத்திலிருந்து டிரைவரண்ணன் வந்திருக்கறாரு."

அப்புறம் ஒதுங்கி, மணியனுக்கு இடம்விட்டு நின்றான்.